முதல் மாடி வரை

செந்தூல் பக்கம், எங்கள் புளோக்கில்
லிஃப்ட் நின்று ஏழு மாதம்.
நான் லிஃப்ட் ரிப்பேர்க்காரன்.
சிரிக்க வேண்டாம்,
எல்லோரும் சிரித்தாயிற்று.

இது என் கம்பெனி கான்ட்ராக்ட் இல்லை,
தொட்டால் வேலை போய்விடும் என்று
படிக்கட்டில் எதிர்ப்படும் ஒவ்வொருவருக்கும்
சொல்லி முடிப்பதற்குள்
சிமெண்ட் வெடிப்பில் இந்த ஊசி மிளகாய்
முழங்கால் உயரம்.

யாரும் விதைக்கவில்லை.
மைனாவுக்குக் காரம் தெரியாதாம்.
எங்கோ தின்றதை
லிஃப்ட் கதவுக்கு எதிரே
வெயில் ஒன்றரை மணி நேரம் மட்டும் இறங்குகிற
காற்றுக் குழியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறது.

"நுனியக் கிள்ளி விடுங்க" என்றாள் கோமளவல்லி.
"பக்கத்துல படரும்.
கை எட்டுற உயரத்துல காய்க்கும்."
சரிதான்.
கிள்ளவில்லை.
மேலே போகிற ஒன்றைப்
பாதி வழியில் நிறுத்துவதற்கு
என் தொழிலில் விபத்து என்று பெயர்.

முதலில் மூங்கில் குச்சி.
பிறகு பிவிசி குழாய்.
அதுவும் போதாமல்
வேலையிடத்தில் கழித்துப் போட்ட இரும்புக் கயிற்றில்
பிரித்தெடுத்த ஒற்றைப் புரி.
ரஃபியாவை எட்டுப் போல வளைத்துத்
தளர்வாகக் கட்டினேன்.
பச்சைத் தண்டு பழுப்பாகி
பட்டை கட்டி
மணிக்கட்டுப் பருமனானது.
தபால்காரர் ஒருநாள் என்ன மரம் என்று கேட்டார்.
சொன்னேன். நம்பவில்லை.
ஒன்றைப் பறித்துக் கடித்துவிட்டு
தண்ணீர் கேட்டார்.

பெருமழை அடித்து ஓய்ந்த ஒரு காலை
உச்சிக் கொம்பு முதல் மாடி கம்பிக் கதவில்
நீலத் துணிக்கிழிசலால் கட்டப்பட்டிருந்தது.
அது என் முடிச்சு இல்லை.
மறுநாள் மேலிருந்து சம்பல் வாசம்.
மாச்சிக் ரொக்காயா.

அப்புறம் பேசாமலே பிரித்துக்கொண்டோம்,
மேலே காய்த்தது அவருக்கு,
கீழே காய்த்தது எங்களுக்கு.
நடுவில் காய்ப்பவை
அவர் குனிந்தாலும் எட்டாது,
கோமளவல்லி ஸ்டூல் போட்டு ஏறினாலும் எட்டாது.
பழுத்துச் சிவந்து
இரண்டு தளங்களுக்கு நடுவே
சிக்கிக்கொண்ட ஆட்களைப் போல நிற்கும்.
மைனா வரும்,
அலாரம் எதுவும் அடிக்காமல்
மீட்டுக்கொண்டு போகும்.

நான்காம் மாடி அற்புதநாதனுக்கு
வாரம் மூன்று முறை டயாலிசிஸ்.
திரும்பி வந்தால் படியேற
ஒரு மணி நேரம்.
முதல் திருப்பத்தில் நாற்காலி போட்டு வைத்திருந்தோம்.
உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு
செடியைப் பார்ப்பார்.
"இன்னிக்குக் கம்பிக்கு நாலு விரல் மேல."
அதற்கடுத்த வாரம், "ஒரு சாண்."
லிஃப்ட் பற்றி
அவர் மட்டும் என்னிடம் கேட்டதே இல்லை.
அதுதான் உறைத்தது.

ஒரு ராத்திரி இரண்டரை மணிக்கு
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
பேனலைத் திறந்தேன்.
கருகிப்போன ரிலே ஒன்று.
நாற்பது ரிங்கிட்.
ஏழு மாதம் நின்றது அதற்காக அல்ல,
இரண்டு கையெழுத்துக்காக.
காலையில் லிஃப்ட் ஓடியது.
மத்தியானம் அறிவிப்புப் பலகையில்
நிர்வாகத்தின் இடைவிடாத முயற்சி என்று
ஒரு தாள் ஒட்டியிருந்தது.
நானும் நின்று படித்தேன்.

நாற்காலியை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள்.
அற்புதநாதன் இப்போது நேராக நான்குக்குப் போகிறார்.
கதவு மூடும் இடைவெளியில்
அண்ணாந்து பார்க்கிறார்,
அளவு சொல்ல நேரம் போதுவதில்லை.

நேற்று மாச்சிக் ரொக்காயா
ஜன்னலில் இருந்து கூப்பிட்டார்.
நுனி தன் தலைக்கு மேலே போய்விட்டதாம்,
இனி தன்னால் கட்ட முடியாதாம்.
"இப்பவாவது கிள்ளுங்க" என்றாள் கோமளவல்லி.
கத்தரிக்கோலோடு மேலே போனேன்.

நுனியில் ஒரு பூ,
சட்டைப் பித்தானை விடச் சின்னது.
இவ்வளவு ஏறி வந்தும்
தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.
அதற்குக் கீழே
நேற்றைய பூவில் பிடித்த பிஞ்சு
விரலை நீட்டியது போல
வானத்தைப் பார்த்து நின்றது.

கத்தரிக்கோலால்
ரஃபியாவில் ஒரு முழம் வெட்டிக்கொண்டேன்.
இரண்டாம் மாடியில்
அந்த ஜன்னல் யாருடையது என்று
விசாரிக்க வேண்டும்.